இறங்கத் தெரியாத வெள்ளியங்கிரி

வெண்ணந்தூர் வெள்ளியங்கிரிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். சும்மா தெரியும் என்று சொன்னால் போதாது, பிரமாதமாகத் தெரியும். ஒரு மூட்டை வேட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, எதிரே வரும் மாட்டு வண்டிக்கும் ஓரத்துப் புளியமரத்துக்கும் நடுவில் இருக்கிற முழ அகலத்தில் நுழைந்து, மணியடித்துக்கொண்டே அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுவான். அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். இறங்கத் தெரியாது.

சிரிக்காதீர்கள். இதில் அவன் குற்றம் பாதிதான், மீதி அந்தச் சைக்கிளின் குற்றம். அது சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. 1935இல் துரை சீமைக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால், ஜவுளிக் கடைக்குச் சரக்கு கொண்டுவந்த வெள்ளியங்கிரியின் தலையில் அதைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். துரையின் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். வெள்ளியங்கிரி முண்டாசு கட்டி நிமிர்ந்து நின்றால் ஐந்தடி. முண்டாசை அவிழ்த்தால் என்ன உயரம் என்பதைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தான், கால் பெடலுக்கு எட்டவில்லை. ஊர் ஆசாரி இரண்டு வேப்பங்கட்டையைச் செதுக்கிப் பெடல்மேல் வைத்து முடுக்கிக் கொடுத்தார். பெடலுக்கு எட்டிவிட்டது. தரைக்கு எங்கே எட்டுவது?

வற்றிக் கிடந்த ஏரிக்குள்தான் பழகினான். மதகுக் கல்மேல் நின்றபடி ஏறி, கல்லை ஓர் உதை உதைத்துக் கிளம்பினான். கிளம்பியது காலை ஏழு மணிக்கு. உச்சிப்பொழுது ஆகியும் அவன் ஏரிக்குள் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தான். தம்பி பசியோடு இருப்பானே என்று அக்கா கமலவேணி சொம்பு நிறையக் கம்பங்கூழோடு வந்து நின்றாள். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான்.

“எறங்கி வந்து குடி சாமி,” என்றாள்.

“ருசி கண்டு போச்சுக்கா, எறங்கவே மனசு வரலே. அப்பிடியே நீட்டு!” என்று கத்திக்கொண்டே அவளைத் தாண்டிப் போனான்.

ஒரு சுற்றுக்கு ஒரு மடக்கு. சொம்பை வாங்குவான், குடிப்பான், அடுத்த சுற்றில் கொடுப்பான், அதற்கடுத்த சுற்றில் மறுபடி வாங்குவான். கூழ் தீர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா சொம்போடு வீட்டுக்குத் திரும்பியதும், ஏரி ஓரத்து வைக்கோல் போர் ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் மோதினான். அதுதான் அவன் இறங்கிய முதல் தடவை.

வெள்ளியங்கிரியின் வேலை ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. வெண்ணந்தூர்த் தறிகளில் நெய்த வேட்டி துண்டுகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டுவான். எந்த ஊருக்கு என்ன கரை பிடிக்கிறது, எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டுவந்து நெசவாளிகளிடம் சொல்வான். ராசிபுரம், மல்லசமுத்திரம், நாமக்கல் என்று வாரத்தில் ஐந்து நாள் அலைச்சல். ஆனால் கடைக்காரர் வாசலில் போய் நேராக இறங்க முடியாதே! ஆகவே அந்த வட்டாரத்துச் சாலைகளை அவன் வேறு மாதிரி தெரிந்துவைத்திருந்தான். எந்தக் கோயில் பலிபீடம் என்ன உயரம், எந்த மண்டபத்துப் படி சாலையோடு ஒட்டி இருக்கிறது, எந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கால் வழுக்காது, எல்லாம் அத்துப்படி. மைல் கல்லை மட்டும் நம்பமாட்டான். அதன் மண்டை உருண்டை. ஒரு தடவை நம்பி இரண்டு பல் ஆட்டம் கண்டிருந்தது.

பாழடைந்த மண்டபம் எங்கே இருக்கிறதோ அங்கே வெள்ளியங்கிரி நிற்பான். நடுகல் எங்கே இருக்கிறதோ அங்கே நிற்பான். ஒரு காலைக் கல்மேல் ஊன்றி, பெருமூச்சு விட்டு, மேலே பார்ப்பான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆஹா, எத்தனை பக்தி, எத்தனை ஞானம் என்றுதான் நினைத்தார்கள். “ஏனுங்க, இதென்ன கல்லுங்க?” என்று கேட்பார்கள். நின்றது எதற்கு என்று சொல்ல முடியுமா? “இது ராசா காலத்துக் கல்லுங்க,” என்பான். எந்த ராசா என்று யாராவது நோண்டினால், “ரெண்டாவது ராசா,” என்று சொல்லிவிட்டு உதைத்துக் கிளம்பிவிடுவான். மூன்று வருஷத்தில் அவனுக்குக் ‘கல்லுக்கார வெள்ளியங்கிரி’ என்று பேர் வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் அவனைப் பார்த்ததும் எழுந்தே நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

இப்படிப்பட்டவனுக்கு இருபத்தொன்பது வயதில் கல்யாணம் கூடிவந்தது.

பெண் தெய்வநாயகி. ஊர் பாண்டமங்கலம், பரமத்தி வேலூருக்கு அந்தப் பக்கம், ராஜவாய்க்கால் கரையில். அவளுடைய அப்பா குழந்தைவேலுக்கு வேலூர்ச் சந்தைப்பக்கம் ஜவுளிக் கடை. பெண் பார்க்க அக்காவோடு மாட்டு வண்டியில்தான் போனான். தெய்வநாயகி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். மற்றப் பெண்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடவில்லை. நிலைப்படி ஓரமாக நின்று, “ஏனுங்க, வெண்ணந்தூர்ல இருந்து இங்க மட்டும் சைக்கிள்லயே வந்துருவீங்களா?” என்று கேட்டாள்.

“வந்துருவனுங்க,” என்றான் வெள்ளியங்கிரி.

“நாப்பது மைல் இருக்குமே!”

“நூறு மைல்னாலும் வருவனுங்க, அம்மிணி.”

அவள் சிரித்தாள். அவ்வளவுதான், பையன் காலி. திரும்பி வரும் வழியில் அக்கா ஆயிரம் பேசினாள், ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை. இந்தப் பெண் இல்லாவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று, நாமக்கல் வருவதற்குள் அவன் முடிவு செய்துவிட்டான்.

குழந்தைவேல் ஒரு தினுசான மனிதர். தும்பைப்பூ வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு, பளபளவென்று துடைத்த சைக்கிள் ஒன்று. ஹேண்டில் பாரில் ஒரு பக்கம் குடை, இன்னொரு பக்கம் மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசி. தினமும் வாய்க்கால் கரையோடு கடைக்குப் போவார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஏறி ஓட்டினால் என்ன என்று யாராவது கேட்டால், “எதுத்தாப்ல பெரியவங்க வருவாங்கொ, சொந்தபந்தம் ஒறம்பரை வருவாங்கொ. ஒவ்வொருத்தருக்கும் எறங்கி மருவாதி பண்றதுக்கு ஏறாமயே போயிரலாமில்ல?” என்பார். சைக்கிளில் வருகிறவன் பெரியவரைக் கண்டால் இறங்கி, துண்டை எடுத்துக் கையில் பிடித்து, கும்பிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வட்டாரத்தில் அது எல்லாருக்கும் உள்ள வழக்கம். குழந்தைவேலுக்கோ அது வேதவாக்கு.

பெண் பார்த்தார்கள், வெற்றிலை பாக்கு மாற்றினார்கள், வைகாசியில் முகூர்த்தம் என்று பேச்சு. பொறுப்பாக வீட்டில் இருக்கலாமில்லையா? இருக்கவில்லை. வருவேன் என்று சொன்ன வாக்கு அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சேவல் கூவியதும் புது வேட்டி கட்டிக்கொண்டு மதகுக் கல்லில் ஏறிக் கிளம்பிவிட்டான்.

எப்பேர்ப்பட்ட காலை அது! ராசிபுரம் தாண்டியதும் வெயில் இன்னும் ஏறாத சாலை, இரண்டு பக்கமும் புளியமரம், மேடும் இல்லை பள்ளமும் இல்லை. கட்டைப் பெடல் டொக்கு டொக்கு என்று தாளம் போட்டது. ஐந்து மைலுக்கு முன்னாலேயே நாமக்கல் மலை தெரிந்தது, ஒற்றைப் பாறை, உச்சியில் கோட்டைச் சுவர். கமலாலயக் குளத்துப் படிக்கட்டில் இறங்கி முகம் கழுவினான். கோட்டையை அண்ணாந்து பார்த்து, அந்த மதில் யார் கட்டியதோ, எத்தனை கல்லோ, அத்தனை கல்லில் ஒன்றே ஒன்று பாண்டமங்கலம் பாதையில் கிடந்தால் போதுமே என்று நினைத்தான். பிறகு பரமத்தி, பிறகு வேலூர். வேலூரைத் தாண்டி ராஜவாய்க்கால் கரையில் திரும்பியதும் காற்றே மாறிவிட்டது. ஒரு பக்கம் சலசலவென்று வாய்க்கால். இன்னொரு பக்கம் ஓர் ஆள் பள்ளத்தில் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, தென்னை. நடுவில் வண்டி அகலம்கூட இல்லாத மண்கரை. வெள்ளியங்கிரிக்குப் பாட்டு வந்தது, பாடினான். தெய்வநாயகி காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே பாடினான்.

வளைவு திரும்பினான். பாட்டு நின்றுபோயிற்று. எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குழந்தைவேல் வந்துகொண்டிருந்தார்.

வெள்ளியங்கிரி இடது பக்கம் பார்த்தான், கல் இல்லை. வலது பக்கம் பார்த்தான், கல் இல்லை. குழந்தைவேல் வருங்கால மருமகனைக் கண்டுகொண்டார். நின்றார், துண்டைச் சரி செய்தார், கும்பிடு வாங்கிக்கொள்வதற்கு முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்.

“வாரனுங்க மாமா!” என்றபடி வெள்ளியங்கிரி அவரைத் தாண்டிப் போய்விட்டான்.

கரை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் அரை வட்டம் போட்டுத் திரும்பினான். பின்னாலிருந்து மணிச் சத்தம் கேட்டதும், பையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று குழந்தைவேல் மறுபடி நின்றார், மறுபடி துண்டைச் சரி செய்தார்.

“மன்னிச்சுப்போடுங்க மாமா!” மறுபடியும் தாண்டிப் போய்விட்டான்.

இரண்டு பர்லாங்கு தள்ளி ஒரு மதகு இருந்தது. அங்கே இறங்கி நின்றுகொண்டால் மாமா தானாக வந்து சேர்வார் என்று பறந்தான். மதகுக் கல் முழுக்கத் துவைக்கிற பெண்கள், ஈரத் துணி. கால் வைக்கச் சாண் இடம் இல்லை. வேறு வழி? திரும்பினான். இந்தத் தடவை மரியாதையாவது செய்துவிடுவோம் என்று ஹேண்டில் பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டே மாமாவைத் தாண்டினான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். பார்த்தவருக்கோ, தன் எதிரிலேயே கையை விட்டு ஓட்டி வித்தை காட்டுகிறான் என்று தோன்றியது. குழந்தைவேலின் குடை கீழே விழுந்தது.

அதற்குமேல் பாண்டமங்கலத்துக்குப் போக அவனுக்கு என்ன முகம் இருக்கிறது? ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்துப் படியில் இறங்கி, வெயில் தாழ்கிற மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினான். திரும்புகிற வழி வேலூர்ச் சந்தை வழிதானே? கடை வாசலில் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தார். நாலாவது தடவையாகவும் தாண்டினான். “போய்ட்டு வாரனுங்க மாமா,” என்று சொன்னது அவனுக்கே கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கமலவேணிக்கு ஒரு கார்டு வந்தது. தபால்காரரே படித்துக்காட்டினார்.

‘க்ஷேமம். தங்கள் தம்பி சென்ற வெள்ளியன்று எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் மூன்று முறையும், எங்கள் கடை வாசலில் ஒரு முறையும், ஆக நாலு முறை என்னைச் சைக்கிளில் தாண்டிப் போனார். ஒரு முறை கையை விட்டுவிட்டும் போனார். பெரியவர்களுக்கு இறங்காத இடத்தில் பெண் கொடுத்து எங்களுக்கு வழக்கம் இல்லை. எனினும் பேசிய வார்த்தைக்காக இன்னும் ஒரு தவணை தருகிறேன். வருகிற வெள்ளி, உச்சிக்கு முன்னால், அதே கரையில், அதே சைக்கிளில் வந்து, என் முன்னே இறங்கி ஒரு கும்பிடு போடச் சொல்லவும். தவறினால் அன்று மத்தியானமே தாம்பூலம் திரும்பி வரும்.’

“அடக் கெரகம் புடிச்சவனே! எறங்கி ஒரு கும்புடு போடறதுக்கு உனக்கு என்னடா கேடு?” என்று அக்கா ஒரு பிடி பிடித்தாள். வெள்ளியங்கிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குப் போனான்.

இடது காலைப் பெடலில் ஊன்றிக்கொண்டு வலது காலைப் பின்னால் வீசிப் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. வீசினான். கால் சீட்டில் தட்டியது, அவன் ஒரு பக்கம் போனான், சைக்கிள் ஒரு பக்கம் போயிற்று. முன்பக்கமாகத் தூக்கிப் போட்டுப் பார்த்தான், ஹேண்டில் பார் விலா எலும்பைப் பதம் பார்த்தது. புதன்கிழமை சாயந்தரம் அக்கா தேடிக்கொண்டு வந்தபோது அவன் கிளுவை வேலிக்குள் மல்லாந்து கிடந்தான். சக்கரம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

“எனக்கு எறங்கத் தெரியாதுக்கா,” என்றான், வேலிக்குள்ளிருந்தே. அழுதுவிட்டான்.

கமலவேணிக்குக் கூழ்ச் சொம்பு ஞாபகம் வந்தது போலும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “அடப் பாவி! அப்ப அந்த ராசா காலத்துக் கல்லெல்லாம்?”

“எறங்கறதுக்குத்தான்.”

“இதச் சொல்லி ஒரு கார்டு போட்டா முடிஞ்சு போச்சு. எந்திரி.”

“வேண்டாம்க்கா. மாமாவுக்குத் தெரிஞ்சா அந்த அம்மிணிக்கும் தெரிஞ்சு போயிரும். நூறு மைல் வருவேன்னு வாய் கிழியச் சொல்லிப்போட்டேன். எறங்கத் தெரியாதவன்னு அது சிரிச்சா நான் அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?”

அக்கா எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். மசியவில்லை. வியாழக்கிழமை கிளம்பி, நாமக்கல் சத்திரத்தில் படுத்து, வெள்ளிக்கிழமை காலை வேலூரைத் தாண்டினான். வரும் வழியெல்லாம் ஒரே வேண்டுதல்: மாமா தயவுசெய்து மதகுப் பக்கமாக வந்து நிற்கட்டும், துவைக்கிறவர்கள் இன்றைக்கு ஒரு நாள் துவைக்காமல் இருக்கட்டும். இரண்டில் ஒன்று பலித்தது. மதகுக் கல் காலியாகக் கிடந்தது, ஆனால் மாமா அங்கே இல்லை. அவர் இன்னும் இரண்டு பர்லாங்கு தள்ளி, கோல் போட்டுக் கீறினாற்போல் நேராகப் போகிற கரையில், நட்ட நடுவே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டாண்டு போட்ட சைக்கிள், தலைக்குமேல் குடை. சுற்றிலும் ஒரு செங்கல் துண்டுகூடக் கிடையாது. அவருக்குப் பின்னால் தெய்வநாயகி.

அவளை அவன் எதிர்பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை இறங்குகிறாரா இல்லையா என்று நானே பார்க்கிறேன் என்று அப்பாவோடு பிடிவாதமாக வந்திருந்தாள். பச்சைச் சேலை. வெயிலுக்குக் கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு இவனையே பார்த்தாள்.

வெள்ளியங்கிரி மிதித்தான். முப்பது கஜம். நின்றால் விழுவான், கரை குறுகல், மாமாவின் காலடியிலேயே சைக்கிளோடு போய் விழுவான். தாண்டினால் தாம்பூலம் திரும்பிவிடும். இருபது கஜம். வலது பக்கம் கொடிக்கால், ஈட்டி ஈட்டியாகக் குச்சி நட்டிருக்கிறது. பத்து கஜம். குழந்தைவேல் துண்டைச் சரி செய்தார்.

“எறங்கறனுங்க மாமா!” என்று கத்திக்கொண்டு, ஹேண்டில் பாரை இடது பக்கம் ஒரே திருப்பாகத் திருப்பினான்.

தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பியது என்று தெய்வநாயகி பிற்பாடு சொல்வாள், அது கொஞ்சம் அதிகம். சைக்கிள் அடியில் போயிற்று, இரண்டு வேப்பங்கட்டையும் கழன்று மோகனூர்ப் பக்கமாக மிதந்து போயின. முண்டாசும் போயிற்று. மற்றவர்களுக்கு இடுப்பளவு, வெள்ளியங்கிரிக்கு மார்பளவு. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, “கும்புடறனுங்க மாமா,” என்றான்.

குழந்தைவேல் குடையை இறக்கினார். “ஏந் தம்பி, எறங்கச் சொன்னா வாய்க்கால்லயா எறங்குவாங்கொ?”

“எனக்கு வேற மாதிரி எறங்கத் தெரியாதுங்க.” சொல்லிவிட்டான். தண்ணீரில் நின்றுகொண்டு இதற்குமேல் எதை மறைப்பது? “மூணு வருஷமாத் தெரியாது. கல்லு இருந்தா எறங்குவனுங்க. அன்னைக்கும் மருவாதி இல்லாமத் தாண்டலீங்க மாமா. கல்லு கெடைக்கலீங்க.”

தெய்வநாயகி சிரித்தாள். எந்தச் சிரிப்புக்குப் பயந்து நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தானோ அதே சிரிப்புதான். கேட்டால் செத்துப்போவோம் என்று நினைத்திருந்தான். சாகவில்லை. சொல்லப்போனால் அவனுக்கும் சிரிப்பு வந்தது.

குழந்தைவேல் மட்டும் சிரிக்கவில்லை. தன் சைக்கிளைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

“அப்பா,” என்றாள் தெய்வநாயகி. “இப்பவாச்சும் நீங்களும் சொல்லிப்போடுங்க.”

“என்னத்த அம்மிணி சொல்றது?”

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?”

கரையின் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, “எனக்கு ஏறத் தெரியாது,” என்றார்.

வெள்ளியங்கிரிக்குக் காதில் தண்ணீர் போயிருந்தது. “என்னுங்க மாமா?”

“ஏறத் தெரியாதுங்கறேன்! ஏழு வருஷமாத் தள்ளிக்கிட்டே போறேன். ஏறத் தெரியுதா எறங்கத் தெரியுதான்னு எவனும் கேக்காம இருக்கறதுக்குத்தான் மருவாதி மருவாதின்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். போதுமா?” அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு, குழந்தை மிட்டாய் கேட்கிற குரலில், “ஏந் தம்பி, ஏறி உக்காந்தா எப்பிடி இருக்கும்?” என்றார்.

“பறக்கற மாதிரி இருக்குமுங்க மாமா.”

“கஷ்டமா?”

“ஏறறதுல ஒண்ணுமே இல்லீங்க. நான் புடிச்சுக்கறன், நீங்க குந்துங்க.”

சொட்டச் சொட்டக் கரையேறி வந்து, மாமாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். தெய்வநாயகி குடையை வாங்கிக்கொண்டு தூக்குப்போசியைக் கழற்றினாள். குழந்தைவேல் வேட்டியை மடித்துக் கட்டினார், குலதெய்வத்தை நினைத்தார், அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டுச் சீட்டில் உட்கார்ந்தார். அவருக்குக் கால் நன்றாக எட்டியது. வெள்ளியங்கிரி ஒரு கையால் கேரியரையும் ஒரு கையால் அவர் இடுப்பையும் பிடித்துத் தள்ளினான். “மிதிங்க மாமா! நேராப் பாருங்க! கீழ பாக்காதீங்க!” அவர் மிதித்தார். கோணிக்கொண்டு போனது, நிமிர்ந்தது, மறுபடி கோணியது, நிமிர்ந்துவிட்டது. எந்த இடத்தில் கையை விட்டோம் என்று வெள்ளியங்கிரிக்கே தெரியாது. ஏழு வருஷம் தள்ளிய கைக்கு ஹேண்டில் பார் பழகித்தான் இருந்தது.

“போகுது! போகுது அம்மிணி!” என்று அந்த மனிதர் போட்ட கூச்சலில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. துண்டு தோளிலிருந்து பறந்து விழுந்தது, அதையும் பார்க்கவில்லை. வேகம் கூடிக்கொண்டே போயிற்று.

வெள்ளியங்கிரி பின்னாலேயே ஓடினான். தெய்வநாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் ஓடினாள்.

“அம்மிணி,” என்றான் மூச்சிரைக்க, “தாம்பூலம் திரும்பி வருமுங்களா?”

“இனி எப்பிடித் திருப்புவாரு? ஊரெல்லாஞ் சொல்லிருவமில்ல.”

“அதில்லீங்க. உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டனுங்க.”

“கல்லா மண்ணான்னு பாக்காம எங்கப்பாவுக்கு ஒரு கும்புடு போடறதுக்காகத் தண்ணிக்குள்ள குதிச்சீங்களே, அப்பவே சம்மதமுங்க. இப்ப வெரசா ஓடுங்க. அங்க மேக்க கரை திரும்புது.”

திரும்பத்தான் செய்தது. தூரத்தில், வளைவை நெருங்குகிற குழந்தைவேலின் கூச்சலில் இப்போது குஷி கொஞ்சம் குறைந்திருந்தது. அதுவரை அவனைத் தம்பி என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர், கழுத்தைத் திருப்பாமல், அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“மாப்ளே! மாப்ளே! எறங்கறது எப்பிடீங்கொ?”

“தெரியாதுங்க மாமா!” என்று கத்திக்கொண்டே வெள்ளியங்கிரி ஓடினான்.